பத்து குறைத்தால் பத்து

போனைக் காதோடு ஒட்டி வைத்து அவர் பேசி நான் பார்த்ததில்லை. ஒரு சாண் தள்ளித்தான் பிடிப்பார். அந்தப் பக்கம் மதுரை மேனேஜராக இருந்தாலும் சரி, பெற்ற தாயாக இருந்தாலும் சரி, ஒரு சாண் ஒரு சாண்தான். காது மந்தம் என்றால் ஒட்டியல்லவா வைக்க வேண்டும், இவர் எதிர்த்திசையில் போகிறாரே என்று எனக்குக் குழப்பம். ஒருநாள் கேட்டும்விட்டேன்.

"காதெல்லாம் நல்லாத்தான் இருக்கு அண்ணாச்சி. ரொம்பப் பக்கத்துல வச்சுக் கேட்டா, அவங்க சொல்லாததும் சேந்து கேக்கும்" என்றார்.

சங்கரன்கோவிலில் ஒரு செருப்புக்கடை மாடியில் எங்கள் ஆபீஸ் இருந்தது. செல்போன் டவர்களைப் பராமரிக்கும் காண்ட்ராக்ட். எனக்கு ஆட்களோடு பேசுகிற வேலை. டவருக்கு இடம் கொடுத்தவர், கொடுக்காதவர், கொடுத்துவிட்டு வருத்தப்படுகிறவர் எல்லாரும் என் தலையில். ஒன்றைப் பத்தாகச் சொல்லாவிட்டால் எனக்கு நாக்கு அரிக்கும். அதனாலேயே அந்த வேலை கிடைத்தது என்று நினைக்கிறேன்.

அவருக்கு இரைச்சலைத் தேடுகிற வேலை. காதுக்குக் கேட்கிற இரைச்சல் அல்ல. நம் கையிலிருக்கும் போன் டவருக்கு அனுப்புகிற அலை மிகவும் சன்னமானது. எங்காவது ஒரு கெட்டுப்போன கருவி அதே அலைவரிசையில் சளசளத்துக்கொண்டிருந்தால், டவருக்கு நம் பேச்சு கேட்காது. கால் கட் ஆகும். எது சளசளக்கிறது என்று ஸ்பெக்ட்ரம் அனலைசர் என்ற பெட்டியை மார்பில் மாட்டிக்கொண்டு தெருத்தெருவாகத் தேடுவார். வயது முப்பதைத் தாண்டியிருக்கும், பாளையங்கோட்டைப் பக்கம். நான் மேடம் என்பேன், அவர் என்னை அண்ணாச்சி என்பார்.

அவர் பையில் ஒரு பழைய தைல டப்பா இருக்கும். அதற்குள் விரல் நீளத்தில் ஓர் உலோகத் துண்டு. அட்டெனுவேட்டர் என்று பெயர்; எங்கள் ஆபீசில் 'விரல்' என்போம். ஆண்டெனாவுக்கும் பெட்டிக்கும் நடுவில் அதைத் திருகினால், உள்ளே வருவது பத்து டெசிபல் குறையும். பெட்டித் திரையில் எதைப் பார்த்தாலும், நம்புவதற்கு முன்னால் விரலைத் திருகிவிட்டு இன்னொரு தடவை பார்ப்பார். இருப்பதைக் கண்டுபிடிக்க வந்தவர் இருப்பதைக் குறைத்துக்கொண்டிருக்கிறாரே என்று நான் கேலி செய்வேன்.

"ஆடித்தபசுத் திருவிழா அன்னைக்குக் கோயில் கதவைச் சாத்திட்டு, கதவுல ஒரு ஓட்டை வழியாப் பாக்கிய. என்ன தெரியும்?" என்று ஒருநாள் கேட்டார்.

"ஒரு மூஞ்சி தெரியும்."

"ஒரு ஆளுதான் நிக்கான்னு நெனைப்பிய. ஆனா கதவைத் தள்ளுதது மொத்தக் கூட்டமும். கதவு வளைஞ்சிட்டுன்னா, ஓட்டையில தெரியுத மூஞ்சியும் கோணத்தான் செய்யும். இந்தப் பெட்டியும் அப்படித்தான். திரையில சின்னத் துண்டைத்தான் காட்டும். ஆனா வாசல்ல மொத்தமும் வந்து முட்டும். தாங்க முடியலன்னா, வெளிய இல்லாததையெல்லாம் இருக்குன்னு காட்டும்."

"பொய்யின்னு எப்படித் தெரியும்?"

"குறைச்சுப் பாக்கணும். பத்து குறைச்சா, திரையிலயும் பத்து குறையணும். அது நெசம். பத்து குறைச்சதுக்கு முப்பது விழுந்துட்டுன்னா, அது பெட்டிக்குள்ளயே பொறந்தது."

இதைப் பெட்டியோடு நிறுத்தியிருந்தால் நான் இதையெல்லாம் சொல்லிக்கொண்டிருக்க மாட்டேன். எதிர் ஓட்டலில் ஒருநாள், சாம்பாரில் உப்பை அள்ளிக் கொட்டிவிட்டான் என்று நான் கத்தினேன். அவர் என் தட்டை ஆராய்ந்தார். "இட்லியக் குளிப்பாட்டி வச்சிருக்கிய. அரைக் கரண்டி விட்டுத் தின்னு பாத்துட்டுச் சொல்லுங்க." அரைக் கரண்டி விட்டுத் தின்றேன். உப்பு சரியாகத்தான் இருந்தது. கத்தியதைத் திரும்ப வாங்க முடியாமல் உட்கார்ந்திருந்தேன். சர்வர் அதற்குப் பிறகு ஒரு மாதம் எனக்குச் சட்னி வைக்க மறந்தான்.

மேலநீலிதநல்லூர்ப் பக்கம் ஒரு டவரடியில், ஆட்டுக்காரர் ஒருவர் எங்களை மறித்துக்கொண்டார். டவர் வந்ததிலிருந்து கிடையே அழிந்துவிட்டது, ஒரு குட்டி தங்கவில்லை என்று நெஞ்சில் அடித்துக்கொண்டார். நான் வழக்கம்போல் அவரைவிடச் சத்தமாகச் சமாதானம் சொன்னேன். இவர் குறுக்கே வந்து, "ஐயா, அந்த வரப்புல போய் நின்னு சொல்லுதியளா?" என்றார். என்ன ஏதென்று புரியாமல் அந்த மனிதர் போய் நின்றார். வரப்பிலிருந்து நெஞ்சில் அடித்துக்கொள்வது ஒருவருக்கும் எடுபடவில்லை. "செத்தது ரெண்டு ஆடு" என்றார் ஆட்டுக்காரர். கொஞ்சம் யோசித்து, "நாய் கடிச்சும் இருக்கலாம்" என்றார். இவர் அங்கிருந்தே கும்பிட்டார்.

அவர் குடியிருந்தது சங்கரலிங்கம் அண்ணாச்சி வீட்டு மாடியில். கீழே முன்பக்கம் எட்டு விசைத்தறி, பின்பக்கம் வீடு. வீடு பார்த்துக் கொடுத்தது நான்தான். "சத்தம் கொஞ்சம் இருக்கும் மேடம்" என்றேன். என் வாழ்க்கையில் நான் குறைத்துச் சொன்னது அது ஒன்றுதான். தறி ஓடும்போது மாடியில் தம்ளரில் வைத்த தண்ணீர் நடுங்கும். அவர் அறையில் நின்று கேட்டார், படியில் நின்று கேட்டார், தெருமுனைவரை போய்த் திரும்பி வந்தார். "நேர்மையான சத்தம் அண்ணாச்சி. தள்ளிப் போகப் போகக் குறையுது. எடுத்துக்கிடுதேன்" என்று சாவியை வாங்கிக்கொண்டார்.

அண்ணாச்சியின் மனைவி கோமதி மதினிக்கு அவர்மேல் கொள்ளைப் பிரியம். ஊரெல்லாம் மேடம் என்கிற ஆளை 'ஏட்டி' என்று கூப்பிட்டது மதினி ஒருத்திதான். "ஏட்டி, குழம்பு எடுத்துட்டுப் போ" என்று கீழேயிருந்து குரல் வந்தால் இவர் குழந்தை மாதிரி இறங்கி வருவார். மதினிக்கு ஒரே மகள் ராஜி. கட்டிக்கொடுத்து மஸ்கட்டில் இருந்தாள். அப்போது முழுகாமல் இருந்தாள். அந்த இடத்தில்தான் மாடிக்காரி வந்து உட்கார்ந்தார் என்று வைத்துக்கொள்ளலாம்.

அந்த வருஷம் அண்ணாச்சி எட்டுத் தறிக்கும் மோட்டார் வேகத்தைக் கட்டுப்படுத்தும் புது மின்னணு டிரைவ் மாட்டியிருந்தார். தீபாவளிச் சேலை ஆர்டர் கையில் இருந்தது. அந்தத் தெரு முனையில்தான் எங்கள் டவர். அதில் கால் கட் ஆகிறது என்று புகார் வர, கம்பெனிக்காரர்கள் வெளியூரிலிருந்து இரண்டு பேரை அனுப்பினார்கள். அவர்கள் டவரடியில் காரை நிறுத்தி, பெட்டியைத் தறிப்பக்கம் காட்டி, திரை முழுக்க முள்முள்ளாக வந்ததைப் படம் எடுத்துக்கொண்டு போனார்கள். தறி டிரைவ்தான் குற்றவாளி என்று முடிவாயிற்று. உடனே நிறுத்தாவிட்டால் அரசாங்கத்துக்குப் புகார் போகும், அங்கிருந்து நிறுத்தச் சொல்லி உத்தரவு வரும் என்று அண்ணாச்சிக்குச் சொல்லியனுப்பினார்கள். டிரைவ் இல்லாமல் தறி ஓடாது. எட்டுத் தறியும் நின்றால் அண்ணாச்சி வீட்டோடு, தறியில் நிற்கிற குடும்பங்களும் சேர்ந்து நிற்கும்.

புகார் போவதற்கு முன்னால் இன்னொரு தடவை அளந்து பார்க்கும்படி மேனேஜர் இவரிடம் சொன்னார். இவர் போனை ஒரு சாண் தள்ளிப் பிடித்துக்கொண்டு, "சார், நான் அந்த வீட்டு மாடியிலதான் குடியிருக்கேன். அவங்க வீட்டுக் குழம்பத்தான் ஊத்திச் சாப்பிடுதேன்" என்றார். "உங்கள விட்டா அங்க பெட்டி தெரிஞ்ச ஆளு யாரு இருக்கா? நீங்களே பாருங்க" என்று மேனேஜர் வைத்துவிட்டார்.

"மேடம், நல்லபடியா எழுதுங்க" என்றேன் நான்.

"பாக்குதத எழுதுவேன் அண்ணாச்சி. நல்லபடியான்னு பாத்த பொறகுதான் தெரியும்."

காலை பத்து மணி வாக்கில் டவரடியில் நின்றோம். தெருவே கூடிவிட்டது. அண்ணாச்சி தோள் துண்டின் இரண்டு நுனியையும் பிடித்துக்கொண்டு, தீர்ப்புக்கு நிற்கிறவர் மாதிரி நின்றார். பெட்டியைப் போட்டதும் திரையில் கருவேலங்காடு. யாரோ "ஏயப்பா" என்றார்கள். இவர் தைல டப்பாவைத் திறந்து விரலைத் திருகினார். காடு அப்படியே படுத்துவிட்டது.

"பத்து குறைச்சேன், முப்பது விழுந்துட்டு. இது தறியில இருந்து வரல. டவரோட சத்தமே பெட்டிய அமுக்கி, பெட்டி உளறியிருக்கு. முன்னால வந்தவங்களும் இதே எடத்துல நின்னுதான் அளந்திருக்காங்க."

"அப்பம் தறி?" என்றார் அண்ணாச்சி.

"தறி மேல குத்தமில்ல."

அண்ணாச்சி துண்டால் முகத்தை மூடிக்கொண்டார். மதினி கோயில் இருக்கும் திசையைப் பார்த்து, அம்மனுக்கு மாவிளக்கு போடுகிறேன் என்று உரக்கச் சொன்னாள். கலர் பாட்டில் வந்தது, உளுந்தவடை வந்தது. "எட்டுத் தறியில்ல, எண்பது தறி ஓடும் பாருங்க" என்று நான் ஆரம்பித்துவிட்டேன். இவர் கையில் ஒரு வடையை வைத்துக்கொண்டு திரையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"இன்னும் முடியல அண்ணாச்சி. பொய் போயிட்டு. ஆனா கால் கட் ஆகுதது நெசம்லா?"

விரலைக் கழற்றினார். அதற்குப் பதிலாகச் சோப்புக்கட்டி மாதிரி வேறொன்றைத் திருகினார். அது வடிகட்டியாம், டவரின் சத்தத்தை வெளியே நிறுத்திவிட்டு, போன்கள் பேசுகிற துண்டை மட்டும் உள்ளே விடுமாம். "விரல் வேண்டாமா?" என்றேன். "இனி வேண்டாம். கூட்டத்தை வெளிய நிறுத்தியாச்சு. இதுக்கு மேலயும் குறைச்சுக்கிட்டே இருந்தா, இருக்குத சின்னதும் மறைஞ்சிரும்" என்றார். இப்போது திரை சுத்தமாக இருந்தது. நடுவில் மட்டும் ஒரு சின்ன மேடு.

மீன்முள் மாதிரி இருக்கும் ஆண்டெனாவைக் கையில் பிடித்து மெல்லச் சுற்றினார். மேடு எந்தப் பக்கம் உயர்கிறதோ அந்தப் பக்கம் நடந்தார். புளியங்குடிப் பக்கம் திரும்பட்டும், கழுகுமலைப் பக்கம் திரும்பட்டும் என்று நான் உள்ளுக்குள் எல்லாச் சாமியையும் கூப்பிட்டேன். ஆண்டெனா அண்ணாச்சி வீட்டைப் பார்த்து நின்றது. "மேடம், காபி குடிச்சிட்டு மெதுவாப் பாக்கலாமே" என்றேன். அவர் காதில் வாங்கவில்லை.

அண்ணாச்சி வீட்டு மொட்டை மாடியில் ஒரு கம்பம், கம்பத்தின் உச்சியில் ஒரு குட்டி ஆண்டெனா. அந்தக் கம்பத்தில் கட்டிய கொடியில் இவருடைய துப்பட்டா காய்ந்துகொண்டிருந்தது.

"டி.வி. ஆண்டெனான்னுல்லா நெனச்சேன். நான் வந்த நாள்லருந்து இதுலதான் துணி காயப்போடுதேன்" என்றார். அந்த ஆண்டெனாவிலிருந்து இறங்கிய வயர், மதினியின் அடுப்படி ஜன்னல் வழியாக உள்ளே போனது. கிரைண்டருக்கு மேலே சுவரில் ஒரு வெள்ளைப் பெட்டி. சிக்னல் பூஸ்டர். அடுப்படியில் போன் எடுக்கவில்லை என்று மருமகன் வாங்கிக் கொடுத்துவிட்டுப் போனது. அனுமதியில்லாத சாமான். பிளக்கைப் பிடுங்கினார், மேடு படுத்தது. மாட்டினார், மேடு எழுந்தது. மறுபடி பிடுங்கினார்.

"இதக் கழட்டணும்க்கா" என்றார்.

மதினிக்கு முதலில் புரியவில்லை. புரிந்ததும் வடைத்தட்டை மேடையில் வைத்தாள்.

"இதக் கழட்டிட்டா எம் பிள்ளகூட நான் எப்படிப் பேச? நெறமாசக்காரி, அங்கன ஒத்தையில கெடக்கா. காலையில ஒருக்க எங் கொரலக் கேட்டாத்தான் அவளுக்குச் சோறு எறங்கும். பிரசவத்துக்குத்தான் போக முடியல, கொரலாவது போகட்டும்னு இருந்தேன். தறியக் காப்பாத்துத மாதிரிக் காப்பாத்திட்டு, எம் பிள்ளய எங்கிட்டருந்து அறுத்துவிடுதியளே! நீங்கள்லாம் பெரிய படிப்புப் படிச்சவங்க. நல்லா இருங்க."

'ஏட்டி' போய் 'நீங்க' வந்துவிட்டது. எனக்கே சுருக்கென்றது. மதினி நிறுத்தவில்லை. இவர் வெளியே இறங்கி நடந்தார். தெருக் குழாயடிவரை போய், அங்கே நின்று கொஞ்ச நேரம் கேட்டுவிட்டுத் திரும்பி வந்தார்.

"தள்ளிப் போன அளவுக்குத்தான் குறையுது அண்ணாச்சி. நெசமான வருத்தம்" என்றார்.

பிறகு, மதினி அழுதுகொண்டிருக்கும்போதே, அதே அடுப்படியில் பெட்டியை வைத்து எதையோ அளக்க ஆரம்பித்தார். எனக்கு வந்த கோபத்துக்கு அந்தப் பெட்டியைப் பிடுங்கிக் கிரைண்டரில் போட்டு அரைத்திருப்பேன். ஒரு பூஸ்டரைப் பார்க்காத மாதிரி இருந்துவிட்டால் என்ன குடியா முழுகிவிடும் என்று கேட்டேன். "இது இங்க ஓடுனா, டவரைச் சுத்தி இருக்குத அத்தனை பேருக்கும் கால் கட் ஆகும். அங்கயும் எத்தனை ராஜி இருக்காளோ" என்று திரையைப் பார்த்தபடி சொன்னார்.

அவர் அளந்தது அந்த அடுப்படியில் சிக்னல் எவ்வளவு மட்டம் என்பதை. அதன்பிறகு அடுத்த வீடு, எதிர் வீடு என்று தெரு முழுக்க அடுப்படி அடுப்படியாகப் போய் அளந்தார். விளக்கடியில் இருட்டு என்பார்களே, அந்தக் கதைதான். டவர் தெருமுனையில் நின்றாலும், அதன் ஆண்டெனாக்கள் தூரத்துச் சாலையைப் பார்த்துத் தெருவின் தலைக்கு மேலே தாண்டிப் போய்க்கொண்டிருந்தன. அவற்றைச் சற்றுக் கீழே சாய்க்க வேண்டும் என்று மேனேஜருக்கு எழுதினார். என்னிடமும் ஒரு வரி கேட்டார். 'தெருவே கொந்தளித்துக் கிடக்கிறது, எந்த நேரத்திலும் சாலை மறியல்' என்று எழுதிக் கொடுத்தேன். அதை அடித்துவிட்டு, 'தெருவில் பாதி வீடுகளில் அடுப்படியில் சிக்னல் போதவில்லை' என்று எழுதினார். இவ்வளவு சப்பென்று எழுதினால் எவன் படிப்பான் என்று நினைத்தேன். மேனேஜர் என்னைக் கூப்பிட்டு, "அந்தம்மா போதலன்னு எழுதினா சுத்தமா இல்லன்னு அர்த்தம், ஏறுறதுக்கு ஆளை அனுப்புறேன்" என்றார். ஆள் வருவதற்குச் சில வாரம் ஆயிற்று.

அந்த வாரங்கள்தான் கொடுமை. கீழே தறி ஓடியது, ஆனால் குழம்பு நின்றுவிட்டது. அண்ணாச்சி இவரைப் பார்த்தால் துண்டைச் சரிசெய்துகொண்டு உள்ளே போய்விடுவார். போன் மொட்டை மாடியில் மட்டும்தான் எடுக்கும் என்பதால், மதினி தினமும் மூச்சு வாங்கப் படியேறி வந்து, இவர் அறை வாசலில் நின்றுதான் மகளோடு பேச வேண்டியிருந்தது. முதுகைக் காட்டிக்கொண்டு நிற்பாளாம். "கதவைச் சாத்தினாலும் கேக்கு அண்ணாச்சி" என்று ஓட்டலில் வெறும் இட்லியைப் பிய்த்துக்கொண்டே சொன்னார். "நேத்து அந்தப் பிள்ள 'மாடி அக்கா எப்படி இருக்காங்க'ன்னு கேட்டிருக்கும் போல. அக்கா ரொம்ப நேரம் ஒண்ணும் சொல்லல. பொறகு 'இருக்கா'ன்னாங்க."

"சரி, 'இருக்கா'ன்னாவது சொன்னாளே. கோவம் குறையுதுன்னு வைங்க" என்றேன்.

"ஒரு வார்த்தைய வச்சு அப்படிச் சொல்ல முடியாது" என்றார். ஆனால் அன்று இன்னும் இரண்டு இட்லி வாங்கிக்கொண்டார். எனக்கு அவரைப் பிடித்துப்போனது அன்றைக்குத்தான் என்று நினைக்கிறேன்.

ஒருவழியாக ஆள் வந்து டவரில் ஏறி ஆண்டெனாவைச் சாய்த்தான். இவர் கீழே நின்று, இன்னும் கொஞ்சம், இன்னும் கொஞ்சம் என்று சொல்லிக்கொண்டிருந்தார். அப்புறம் தெருவில் அதே அடுப்படிகளுக்குப் போய் மறுபடி அளந்தார். மதினி வீட்டு அடுப்படிக்கு மட்டும், போனில் சிக்னல் பார்த்துவர என்னை அனுப்பினார். சரியாகத்தான் இருந்தது. மதினி அடுப்பைப் பார்த்துத் திரும்பி நின்றுகொண்டாள்.

நாலைந்து நாள் கழித்து, கரிவலம்வந்தநல்லூர் டவருக்குப் போவதற்காக அவரைக் கூப்பிடப் போயிருந்தேன். கீழே எட்டுத் தறியும் முழு வேகத்தில் ஓடிக்கொண்டிருந்தன. அவர் பெட்டியை மாட்டிக்கொண்டு அறையைப் பூட்டிக்கொண்டிருந்தார். படியில் தடதடவென்று சத்தம். கோமதி மதினி, மாவுக் கையோடு, முந்தானை ஒருபக்கம், மூச்சு ஒருபக்கம்.

"ஏட்டி! பொம்பளப் பிள்ள! அடுப்படியில நின்னே கேட்டேன்டி, அடுப்படியிலயே! இந்தா, அழுகுது, கேளு!"

போன் முழுக்க மாவு. இவர் வாங்கினார். பழக்கம் விடுமா, ஒரு சாண் தள்ளித்தான் பிடித்தார். தறிச் சத்தத்தில் ஒன்றும் கேட்டிருக்காது. திரும்பித் தெருமுனையைப் பார்த்தார். அவ்வளவு தூரம் போய்க் கேட்க இது அந்த மாதிரிச் சமாச்சாரம் இல்லை என்று தோன்றியதோ என்னவோ. போனைக் காதோடு சேர்த்து அழுத்திக்கொண்டார். இன்னொரு காதை உள்ளங்கையால் பொத்திக்கொண்டார். கண்ணையும் மூடிக்கொண்டார்.

"கேக்குதாட்டி?" என்றாள் மதினி.

அவர் தலையை ஆட்டினார். கன்னத்தில் மாவு ஒட்டியிருந்தது, கண்ணீர் அதில் ஒரு கோடு போட்டு இறங்கியது. எனக்கும் கண் கலங்கிவிட்டது. அதை மறைக்க எனக்குத் தெரிந்த ஒரே வழி கேலிதான்.

"மேடம், கொஞ்சம் தள்ளி வச்சுக் கேளுங்க. இல்லாததெல்லாம் கேக்கப்போகுது" என்றேன்.

அவர் கண்ணைத் திறக்காமலே, கையைக் காட்டி என்னைச் சும்மா இருக்கச் சொன்னார்.